சிவப்பு விளக்கு எரிந்தால் கருவி கெட்டுவிட்டதா? வலையமைப்பு மென்பொருளில் இணைப்பு விவரங்களைத் திருத்தும் முறை

கோயில் அலுவலகத்திலோ டியூஷன் நிலையத்திலோ கணினித் திரையில் ஒரு கருவியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால், 'அது போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்' என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. செயலவைக் கூட்டத்தில் பணம் ஒதுக்கவும் தயாராகி விடுகிறார்கள். ஆனால் பல நேரங்களில் கருவி நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்காணிக்கும் மென்பொருளிடம் உள்ள முகவரியோ கடவுச்சொல்லோ பழையதாகிப் போயிருக்கும். திருத்த வேண்டியது இரண்டு வரி; வாங்கப் போவது சில நூறு ரிங்கிட் பொருள்.

இது பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு நடுத்தர ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் ஒன்று, சுவிட்ச் ஒன்று, மண்டபத்திலும் அலுவலகத்திலும் வாகன நிறுத்துமிடத்திலும் வைஃபை பெட்டி மூன்று, கேமரா எட்டு, கேமராப் பதிவுப் பெட்டி ஒன்று. மொத்தம் 14 கருவிகள். பொதுமண்டபம், தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடம், இரண்டு மூன்று கிளை உள்ள மளிகைக்கடை என்று பார்த்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து பார்ப்பது சிரமம் என்பதால், எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை நம் இளைஞர்களில் யாராவது ஒருவர் போட்டுக் கொடுத்திருப்பார். அந்த இளைஞர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ போன பிறகுதான் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும்.

பெரட்டு எடுக்கும் கிராணி

இந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. காலையில் பெரட்டு நடக்கும். கிராணி செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். பதில் வந்தால் வரவு, வராவிட்டால் ஆள் இல்லை. மென்பொருளும் அதையே செய்கிறது. லிப்ரெஎன்எம்எஸ் என்ற இலவச மென்பொருள் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை பெரட்டு எடுக்கும். கருவி பதில் சொன்னால் பச்சை, சொல்லாவிட்டால் சிவப்பு.

இப்போது ஓர் ஆள் மூன்றாம் லயத்திலிருந்து ஐந்தாம் லயத்துக்கு மாறிவிட்டார் என்று வையுங்கள். கிராணியின் புத்தகத்தில் பழைய வீட்டு எண்ணே இருக்கிறது. அங்கே போய்க் கதவைத் தட்டினால் பதில் வராது. ஆள் நலமாகத்தான் இருக்கிறார், புத்தகம்தான் தவறு. அதேபோல, கிராணி தம் புத்தகத்தில் எண்ணை மாற்றி எழுதியதால் மட்டும் ஆள் வீடு மாறிவிட மாட்டார்.

அந்தக் கடைசி வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கண்காணிப்பு மென்பொருளில் ஒரு கருவியின் கடவுச்சொல்லை மாற்றிச் சேவ் செய்துவிட்டு, 'கேமராவின் கடவுச்சொல்லை மாற்றியாகிவிட்டது' என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் கேமராவில் எதுவும் மாறவில்லை. மென்பொருள் எந்தச் சாவியைக் கொண்டு கதவைத் திறக்க முயல்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. பழைய கடவுச்சொல் கேமராவில் அப்படியே இருக்கிறது. அதை அறிந்த எவரும் இன்னும் உள்ளே நுழையலாம்.

எந்த வகை மென்பொருள் என்று முதலில் பாருங்கள்

எல்லா மென்பொருளும் கிராணியைப் போல வெறுமனே வரவு எடுப்பதில்லை. இதில் இரண்டு வகை உண்டு. எது உங்களிடம் இருக்கிறது என்று தெரியாமல் எடிட் பொத்தானைத் தொடக்கூடாது.

முதல் வகை கண்காணிப்பு மென்பொருள். ஸாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ் போன்றவை இதில் சேரும். ஸாபிக்ஸ் லாட்வியா நாட்டைச் சேர்ந்த அலெக்சேய் விளாடிஷெவ் என்பவரின் படைப்பு. 2001இல் பொதுவில் வெளியானது. மலேசியாவில் பல இடங்களில் காணப்படும் மிக்ரோடிக் ரவுட்டர்களும் அதே குட்டி நாட்டிலிருந்துதான் வருகின்றன என்பது சுவையான தற்செயல். இவ்வகை மென்பொருளில் இணைப்பு விவரத்தைத் திருத்தினால் மாறுவது கிராணியின் புத்தகம் மட்டுமே.

இரண்டாம் வகை கட்டுப்பாட்டு மென்பொருள். யூபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபை, டிபி-லிங்க் நிறுவனத்தின் ஒமாடா ஆகியவை இப்படிப்பட்டவை. இங்கே மென்பொருளே எஜமான். வைஃபை பெயரை அதில் மாற்றினால் எல்லா வைஃபை பெட்டியிலும் மாறிவிடும். கருவியைச் சேர்ப்பதற்கு 'அடாப்ட்', அதாவது தத்தெடுப்பு என்றே இவற்றில் பெயர். தத்தெடுத்த பிறகு, கருவிக்குள் நேரடியாக நுழைவதற்கான பெயரையும் கடவுச்சொல்லையும் யூனிஃபை மென்பொருளே மாற்றி வைத்துவிடும். தத்தெடுப்புக்கு முன் இருந்த 'யூபிஎன்டி' என்ற ஆலைப் பெயர் அதன்பின் செல்லாது. அதை அறியாமல் பழையதையே தட்டச்சு செய்து அலுத்துப் போனவர்கள் உண்டு.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். டெலிகோம் மலேசியா 2010இல் தொடங்கிய அகண்ட அலைவரிசைச் சேவையின் பெயரும் யூனிஃபைதான். யூபிக்விட்டியின் யூனிஃபை வேறு, டிஎம்மின் யூனிஃபை வேறு. வைஃபை பெட்டி தொடர்பான சிக்கலுக்கு டிஎம்மை அழைத்தால் அவர்கள் தங்கள் ரவுட்டர் வரைதான் உதவ முடியும்.

எடிட் பக்கத்தில் இருப்பவை

கண்காணிப்பு மென்பொருளில் ஒரு கருவியின் எடிட் பக்கத்தைத் திறந்தால் பல கட்டங்கள் தெரியும். ஸாபிக்ஸில் கருவியின் பெயரைச் சொடுக்கினால் 'இன்டர்ஃபேசஸ்' என்ற பகுதி வரும். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் கருவியின் பக்கத்தில் உள்ள பற்சக்கரப் படத்தைத் தொட்டு எடிட்டுக்குள் போக வேண்டும். அமைப்பு வேறாக இருந்தாலும் கேட்கப்படும் கேள்விகள் அவையேதான்: எங்கே இருக்கிறது, எந்த வாசலில் தட்டுவது, எந்த மொழியில் பேசுவது, எந்தச் சாவியைக் காட்டுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது.

'எங்கே' என்பது ஐபி முகவரி. 192.168.1.20 என்பது போல இருக்கும். 192.168 என்று தொடங்குபவை வீட்டுக்குள், கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். வெளியிலிருந்து யாரும் அந்த எண்ணை வைத்து உங்களைத் தேடி வர முடியாது.

வாசல் என்பது போர்ட். இதைத் 'துறை' என்று தமிழில் எழுதுவோரும் உண்டு. துறைமுகத்தில் வரும் அதே துறை. பொருத்தமான சொல்தான், ஆனால் கடைத்தெருவில் போர்ட் என்றால்தான் புரியும். பேசும் மொழியைப் பொறுத்து வாசல் எண் மாறும். எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு மொழிக்கு 161. பாதுகாப்பான கட்டளை மொழியான எஸ்எஸ்எச்சுக்கு 22. அதன் பாதுகாப்பற்ற மூத்த அண்ணனான டெல்நெட்டுக்கு 23. ஸாபிக்ஸின் சொந்த முகவருக்கு 10050. கேமராவின் நேரடிப் படத்துக்கு வழக்கமாக 554. கருவியில் இந்த எண்ணை யாராவது மாற்றியிருந்தால் மென்பொருளிலும் மாற்ற வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. தோட்டத்துப் பக்கம் கைத்தொலைபேசி அலைவரிசையை நம்பி இணைக்கப்பட்ட தொலைதூரக் கருவி அடிக்கடி சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தால் மட்டும் சில விநாடிகள் கூட்டிப் பாருங்கள்.

சாவி விஷயத்தைத்தான் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

'பப்ளிக்' என்ற கடவுச்சொல்

எஸ்என்எம்பி 1988இல் பிறந்த மொழி. ரவுட்டர், சுவிட்ச், பிரிண்டர் என்று பலவும் இதைப் பேசும். இதன் முதல் பதிப்பிலும் இன்றும் பரவலாக உள்ள 2சி பதிப்பிலும் சாவிக்குப் பெயர் 'கம்யூனிட்டி ஸ்ட்ரிங்'. அதைச் 'சமூகச் சரம்' என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பூக்கடை நினைவுதான் வரும். சமூகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு கடவுச்சொல். பல கருவிகளில் ஆலையிலிருந்து வரும்போதே அது 'பப்ளிக்' என்று இருக்கும். ஸாபிக்ஸின் வார்ப்புருக்களும் அதையே எதிர்பார்க்கும். உலகம் முழுவதும் அறிந்த கடவுச்சொல் அது.

இதில் ஒரு வேடிக்கையான குணமும் உண்டு. தவறான கம்யூனிட்டியைச் சொன்னால் கருவி 'தவறு' என்று பதில் சொல்லாது. வாயே திறக்காது. மென்பொருளுக்குக் கேட்பது மௌனம் மட்டுமே. ஆகவே திரையில் 'கடவுச்சொல் தவறு' என்று வராமல் 'பதில் இல்லை' என்றே வரும். பார்ப்பவர் கருவி செத்துவிட்டது என்று நினைப்பது இதனால்தான்.

கருவி உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, அலுவலகக் கணினியிலிருந்து அதன் முகவரிக்கு 'பிங்' கொடுத்துப் பாருங்கள். பிங்குக்குப் பதில் வந்தும் மென்பொருள் சிவப்பாக இருந்தால், குற்றம் சாவியிலோ வாசலிலோ மொழியிலோ இருக்கிறது. லிப்ரெஎன்எம்எஸ் இதைத் தானே சொல்லும்: சிவப்புக்குக் காரணம் 'ஐசிஎம்பி' என்றால் பிங்கே இல்லை, 'எஸ்என்எம்பி' என்றால் ஆள் இருக்கிறார், பேச மறுக்கிறார். ஸாபிக்ஸில் சிவப்பு அடையாளத்தின்மேல் சுட்டியை வைத்தால் காரணம் விரியும். சில கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பேச மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரிடம் பேசலாம் என்ற பட்டியலைப் பல கருவிகள் தமக்குள் வைத்திருக்கும். ஸாபிக்ஸ் முகவரின் கோப்பில் 'சர்வர்' என்ற வரியே அதற்காக உள்ளது. அலுவலகக் கணினியை மாற்றி, புதிய கணினிக்கு வேறு முகவரி கிடைத்திருந்தால், சாவி சரியாக இருந்தும் கருவிகள் புறக்கணிக்கும். எல்லாக் கருவியும் ஒரே நாளில் சிவப்பானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவிகளை அல்ல, கேட்கும் கணினியை.

எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பு 2002இல் முழுத் தரநிலையானது. அதில் பயனர் பெயர், அடையாளம் உறுதி செய்யும் கடவுச்சொல், பேச்சை மறைக்கும் கடவுச்சொல் என்று மூன்று உண்டு. கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்தாவது இருக்க வேண்டும். கருவி இதை ஏற்குமானால் இதையே பயன்படுத்துங்கள். திருத்தும்போது கடவுச்சொல் மட்டும் பொருந்தினால் போதாது. எஸ்எச்ஏ, ஏஇஎஸ் என்று இரு பக்கமும் தேர்ந்தெடுத்த முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் எஸ்எச்ஏ-1, மறுபக்கம் எஸ்எச்ஏ-256 என்றிருந்தால் எத்தனை முறை கடவுச்சொல்லைத் தட்டினாலும் இணைப்பு வராது.

மழை, மின்வெட்டு, புதிய ரவுட்டர்

முகவரி ஏன் தானாக மாறுகிறது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. இடியும் மின்னலுமாக மழை பெய்கிறது, மின்சாரம் போய் வருகிறது. எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழுந்து ரவுட்டரிடம் முகவரி கேட்கின்றன. ரவுட்டர் தன் கையிருப்பிலிருந்து எண்களைப் பங்கிடுகிறது. நேற்று 20 என்ற எண்ணில் இருந்த கேமரா இன்று 27இல் இருக்கலாம். மென்பொருள் 20ஐயே தட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணில் இப்போது வேறொரு கருவி இருந்தால் இன்னும் குழப்பம்: பெயர் கேமராவுடையது, பதில் சொல்வது பிரிண்டர்.

மென்பொருளில் 20ஐ 27 என்று திருத்துவது அன்றைய நாளுக்கு உதவும். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே வேலை. ரவுட்டரின் அமைப்பில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' என்ற இடத்தில், அந்தக் கருவியின் மேக் எண்ணுக்கு இந்த முகவரிதான் என்று ஒதுக்கி வைப்பதே நிரந்தரத் தீர்வு. மேக் எண் கருவியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் 12 இலக்க அடையாளம். ஆதில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். 14 கருவிக்கும் இப்படி ஒதுக்க அரை நாள் போதும்.

இன்னொன்று, சேவை நிறுவனம் ரவுட்டரை மாற்றும்போது நடக்கும். பழைய ரவுட்டர் 192.168.1 என்ற வரிசையில் இருந்திருக்கும், புதியது 192.168.0 வரிசையில் வரும். நிலையான முகவரி கொடுத்து வைத்திருந்த கேமராக்கள் எல்லாம் ஒரே நொடியில் தொலைந்து போனதுபோல் தோன்றும். பதறிப்போய் ஒவ்வொரு கேமராவாக ஏணி வைத்து ஏற வேண்டாம். புதிய ரவுட்டரின் உள் முகவரியைப் பழைய வரிசைக்கு மாற்றிவிட்டால் போதும், எல்லாம் தம் இடத்திலேயே திரும்பக் கிடைக்கும். 14 திருத்தத்துக்குப் பதில் ஒரு திருத்தம்.

யூனிஃபை, ஒமாடா போன்றவற்றில் கதை தலைகீழ். அங்கே கருவிகள்தான் எஜமானைத் தேடி வருகின்றன. யூனிஃபை கருவி ஒவ்வொன்றும் தன் எஜமானின் முகவரியை நினைவில் வைத்து 8080 என்ற வாசலில் அவ்வப்போது வந்து ஆஜர் சொல்லும். எஜமான் இருக்கும் கணினியின் முகவரி மாறினால் அவை பழைய வீட்டின் முன் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எனவே அந்தக் கணினிக்குத்தான் முதலில் நிலையான முகவரி ஒதுக்க வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றும் வரிசை

இரு பக்கமும் பொருந்த வேண்டும் என்றால் எதை முதலில் மாற்றுவது? அனுபவமுள்ள தொழில்நுட்பர்கள் செய்வது இது. கருவியில் பழைய பயனரைத் தொடாமல், புதிய பயனர் ஒருவரைப் புதிய கடவுச்சொல்லுடன் சேர்ப்பார்கள். அடுத்து மென்பொருளில் அந்தப் புதிய விவரத்தை எழுதிச் சோதிப்பார்கள். பச்சை வந்த பிறகுதான் கருவியில் பழைய பயனரை நீக்குவார்கள். பழைய சாவியைத் தூக்கி எறியும் முன் புதிய சாவி பூட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளும் வேலைதான். கண்காணிப்புக்கான பயனருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். அவர் பெயரில் மாற்றும் உரிமை கொடுக்காதீர்கள்.

கேமராக்களில் ஒரு கண்ணி உண்டு. கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பதிவுப் பெட்டி பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். தொடர்ந்து தவறான சொல் வருவதைக் கண்டதும் கேமரா தன்னைச் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். இப்போது நீங்கள் சரியான சொல்லைக் கொடுத்தாலும் அது ஏற்காது. 'நான் சரியாகத்தானே அடிக்கிறேன்' என்ற புலம்பல் இந்த இடத்தில்தான் வரும். கடவுச்சொல்லை மாற்றும் முன் பதிவுப் பெட்டியிலும் கண்காணிப்பு மென்பொருளிலும் அந்தக் கேமராவைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். ஸாபிக்ஸில் அதற்கு 'டிசேபிள்' இருக்கிறது. வெவ்வேறு நிறுவனக் கேமராக்களை இணைக்க உதவும் ஆன்விஃப் முறைக்குச் சில கேமராக்களில் தனிப் பயனர் தேவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் அது மாறாது.

தூரத்தில் இருந்துகொண்டு ரவுட்டரின் முகவரியைத் திருத்துவது நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டும் வேலை. தவறினால் உங்கள் இணைப்பே அறுந்துபோகும். மிக்ரோடிக் ரவுட்டரில் 'சேஃப் மோட்' என்ற வசதி உள்ளது. அதை இயக்கிவிட்டுத் திருத்தினால், இணைப்பு அறுந்தவுடன் ரவுட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பும். சிஸ்கோ கருவிகளில் 'ரிலோட் இன் 10' என்ற கட்டளையைக் கொடுத்து வைப்பார்கள். 10 நிமிடத்தில் கருவி மறுபடி தொடங்கிவிடும். சேவ் செய்யாத திருத்தம் தொலைந்துவிடும். எல்லாம் சரியாகப் போனால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டுச் சேவ் செய்வார்கள். இந்த இரண்டும் தெரியாவிட்டால் நேரில் போய்ச் செய்யுங்கள்.

கருவி இறந்து புதியதை வைத்தால், எஸ்எஸ்எச் வழியாக இணைக்கும் மென்பொருள் 'அடையாளம் மாறிவிட்டது' என்று எச்சரிக்கும். நீங்களே கருவியை மாற்றியிருந்தால் புதிய அடையாளத்தை ஏற்கலாம். யாரும் எதையும் மாற்றாமலே அந்த எச்சரிக்கை வந்தால் ஏற்காதீர்கள். நடுவில் வேறு யாரோ நிற்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். சிவப்பாகிவிட்டது என்று கருவியை மென்பொருளிலிருந்து அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. சேர்ப்பது எளிதுதான். ஆனால் அதுவரை சேர்ந்த வரைபடங்களும் பதிவுகளும் அழிந்துபோகும். உண்டியல் அருகே உள்ள கேமரா எந்த நாள், எந்த நேரம் இணைப்பில் இல்லை என்று பின்னர் யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆலைக் கடவுச்சொல்லின் விலை

2016இல் மிராய் என்ற தீநிரல் உலகை உலுக்கியது. அது பெரிய மந்திரம் எதையும் செய்யவில்லை. இணையத்தில் திறந்திருந்த டெல்நெட் வாசல்களைத் தேடிப் போய், ஆலையில் வைத்த பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கு மேல் கொண்ட பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. இலட்சக்கணக்கான கேமராக்களும் ரவுட்டர்களும் கதவைத் திறந்துவிட்டன. அக்டோபர் 21ஆம் தேதி அந்தக் கருவிகள் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. மறு ஆண்டு இளைஞர்கள் மூவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தங்கள் கேமரா அந்தத் தாக்குதலில் பங்கேற்றது என்பதே அதன் உரிமையாளர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

எனவே இணைப்பு விவரத்தைத் திருத்த உட்காரும் அன்றே டெல்நெட்டை மூடிவிடுங்கள். மென்பொருளில் அந்தக் கருவிக்கு எஸ்எஸ்எச், 22 என்று மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கோயில் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் வாசலைத் திறந்து வைக்காமல் விபிஎன் வழியாக நுழையும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சாவிக்கொத்து யாரிடம்?

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது இந்தக் கேள்விதான். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து புதிய செயலவை பொறுப்பேற்கும்போது வங்கிக் கணக்கில் கையெழுத்து மாறுகிறது, பெட்டகச் சாவி கைமாறுகிறது. ரவுட்டரின் கடவுச்சொல்லை யாரும் கேட்பதில்லை. கசப்போடு பிரிந்த நிர்வாகம் என்றால் பழையவர்களின் கைத்தொலைபேசியில் கேமராச் செயலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கடவுச்சொல்லை உரிமையற்றவருக்குக் கொடுப்பதும் தனிக் குற்றம். அதற்கு 25,000 ரிங்கிட் அல்லது 3 ஆண்டு வரை. பொறுப்பில் இருந்தபோது பெற்ற கடவுச்சொல்லைப் பொறுப்பு முடிந்த பின் பயன்படுத்துவது இந்தச் சட்டத்தை உரசும் செயல் என்பதைப் பழைய நிர்வாகிகளும், அதை மாற்றாமல் விட்டுவிட்டு முணுமுணுப்பதில் பயனில்லை என்பதைப் புதிய நிர்வாகிகளும் உணர வேண்டும். உண்மையில் யாராவது ஊடுருவியதாகச் சந்தேகம் எழுந்தால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் அளிக்கலாம்.

கையளிக்க வேண்டியது நீண்ட ஆவணம் அல்ல. கருவியின் பெயர், வைக்கப்பட்ட இடம், முகவரி, மேக் எண், பேசும் மொழியும் வாசலும், கடைசியாகத் திருத்திய தேதி, திருத்தியவர் பெயர். இந்த அட்டவணையில் கடவுச்சொல் இருக்கக்கூடாது. கடவுச்சொற்களைத் தனித்தாளில் எழுதி, உறையில் முத்திரையிட்டு, பெட்டகத்தில் வைத்து, திறக்கும்போது இருவர் கையெழுத்திடும் வழக்கம் பழைய பாணிதான். ஆனால் கோயில் நிர்வாகத்துக்குப் பொருந்துவது. வாட்ஸ்அப் குழுவில் கடவுச்சொல்லைப் பகிர்வதைவிட எத்தனையோ மேல்.

யூனிஃபை போன்ற கட்டுப்பாட்டு மென்பொருள் உள்ள இடங்களில் அதன் காப்புக் கோப்பும் அந்த உறையோடு, ஒரு பென்டிரைவில், இருக்க வேண்டும். எஜமான் கணினி பழுதாகிக் காப்புக் கோப்பும் இல்லாவிட்டால், வைஃபை பெட்டிகள் வேறொருவருக்குச் சொந்தமானவை என்றே புதிய மென்பொருளுக்குத் தெரியும். அப்போது ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சிறு துளையில் காகிதக் கிளிப்பை நுழைத்து, ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்டபத்துக் கூரையில் மாட்டிய பெட்டி என்றால் ஏணியும் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆளும் தேவைப்படும்.